செவியும் கருவியும்

உயிர்களை அவை பெற்றுள்ள பொறிகளின் எண்ணிக்கை கொண்டு வகைப்படுத்துவது நம் முன்னோர் கண்ட முறை. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையன. நத்தையும் சிப்பியும் நாவையும் சேர்த்து இரண்டு உடையன. கறையானும் எறும்பும் மூக்கொடு மூன்று. நண்டும் தும்பியும் கண்ணொடு நான்கு. அவற்றிற்கு மேற்பட்டன செவியொடு ஐந்து. தொல்காப்பியர் மரபியலில் கூறும் வரிசை இதுவே. அவர் மனத்தை ஆறாவதாக எண்ணி மக்களை ஆறறிவுயிர் என்றார். நன்னூல் செய்த பவணந்தி முனிவரோ தேவர், மக்கள், நரகர், விலங்கு, புள் ஆகிய அனைவரையும் ஐயறிவுயிர் என்னும் ஒரே வகையுள் அடக்கினார். முனிவர் சமணர் ஆதலின் ஆகமப் பாகுபாட்டையே இலக்கணத்திலும் கைக்கொண்டார் போலும். எவ்வாறாயினும் இருவர் வரிசையிலும் பொறிகளுள் செவியே இறுதியில் நிற்கின்றது.

அவ்வாறு இறுதியில் எண்ணப்பெற்ற செவிக்குத்தான் மனிதன் முதன்முதலாக மாற்றுப் பொறி ஒன்றைச் செய்து வெற்றி கண்டான். மூக்குக் கண்ணாடி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலி நாட்டில் தோன்றிவிட்டது உண்மையே. ஆனால் அது காணும் கண்ணுக்குத் துணை செய்வது. காணாத கண்ணுக்கு அதனால் பயனில்லை. கேளாத செவியினுள்ளே புகுந்து, செத்துப்போன உறுப்பின் இடத்தில் தான் அமர்ந்து, நரம்போடு நேரே பேசும் கருவி 'காக்ளியர் இம்பிளான்ட்' எனப்படுவது. உட்செவிக் கருவி என இப்பாடத்தில் அதனைக் குறிப்போம். மனித உடலையும் பொறிகளையும் பெருக்கவல்ல புதுக்கருவிகள் பற்றி நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அவற்றுள் பல இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. இஃதொன்று மட்டும் 2022ஆம் ஆண்டு நடுவிலேயே உலகெங்கும் பத்து இலட்சத்திற்கு மேல் பொருத்தப்பட்டு, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் காதின் பின்புறத்திலும் காணக் கிடைக்கின்றது. ஆதலின் இதனை நன்கு அறிந்துகொண்டால் மற்றவற்றை எடைபோடுதல் எளிதாகும்.

பொறி என்பது யாது

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் பொறியைத் திரவியேந்திரியம், பாவேந்திரியம் என இருவகைப்படுத்துகின்றார். திரவியேந்திரியம் என்பது புறப்பொருளாகிய உறுப்பு. அதில் உறுப்பின் உருவமைப்பு ஒரு பகுதி. அவ்வமைப்பிற்குத் துணைநிற்கும் உபகரணம் மற்றொரு பகுதி. பாவேந்திரியம் என்பது உயிரின் பக்கல் உள்ளது. அறியும் ஆற்றல் வாய்த்தலாகிய இலப்தியும், வாய்த்த ஆற்றலைப் பொருளின்மேல் செலுத்துதலாகிய உபயோகமும் அதன் இரு கூறுகள்.

நவீன மருத்துவம் முழுவதையும் நம் ஆகமங்கள் முன்பே கூறிவிட்டன என்று காட்டும் கட்டுரைகள் அவ்வப்போது வருகின்றன. அந்த வழக்கில் எமக்கு உடன்பாடு இல்லை. மின்சாரத்தை அறியாத காலத்து நூலில் மின்கருவியைத் தேடுதல் நூலுக்கும் பெருமை தாராது. எனினும் மேற்கண்ட நான்கு சொற்களும் இக்கருவியைப் பற்றி எழும் ஐயங்களைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட உதவுகின்றன. அறுவை மருத்துவர் தரக்கூடியது உபகரணம் மட்டுமே. கேட்டதைப் பொருளாக அறிதல் எங்கே நிகழ்கின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஈண்டு மற்றோர் ஐயமும் எழலாம். செவி கேளாது பிறந்த குழந்தை நான்கறிவுயிர் ஆகிவிடுமோ? ஆகாது. ஐம்பொறி உயிராகப் பிறத்தல் பிறப்பின் வகையைப் பொறுத்தது; உறுப்பில் ஏற்பட்ட குறையால் பிறப்பின் வகை மாறாது. இதனை ஏன் கூறுகிறோம் எனில், கேளாதவரைக் குறைந்த அறிவினராகக் கருதும் கொடுமை நம் வீடுகளிலும் இல்லாமல் இல்லை.

செவி கேட்கும் வகை

காற்றில் வரும் அதிர்வு செவிக்குழாய் வழியே சென்று செவிப்பறையை அசைக்கின்றது. அதனை ஒட்டிச் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள. அவை அவ்வசைவை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவியில் பட்டாணி அளவே உள்ள ஓர் எலும்புக் கூடு, நத்தை ஓடு போல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கின்றது. அதனைக் காக்ளியா என்பர். சுருளை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதனுள் நீர்மம் நிறைந்துள்ளது. நீர்மத்தில் எழும் அலை ஓரிடத்தில் உச்சம் அடைகின்றது. அந்த இடம் ஒலியின் சுருதிக்கேற்ப மாறும். கீச்சென்ற உயர்ந்த ஒலிக்குச் சுருளின் அடிப்பகுதி அசையும். தாழ்ந்த முழக்கத்திற்கு நுனிப்பகுதி அசையும். யாழில் குறுநரம்பு உயர்ந்த சுரத்தையும் நெடுநரம்பு தாழ்ந்த சுரத்தையும் தருவது போன்றதோர் ஒழுங்கு இது. இதனை ஆராய்ந்து விளக்கிய பெக்கெசி என்னும் அறிஞர் 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

அசைவை மின்குறியாக மாற்றுவன உணர்மயிர்ச் செல்கள். உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 உள்ளன. உள்வரிசைச் செல்களே செவி நரம்பிற்குப் பெரும்பாலும் செய்தி தருவன. இவை பிறக்கும்போது பெற்ற முதல். செலவானால் மீண்டும் வாரா. கோழிக்கும் குருவிக்கும் இச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்கின்றன. மனிதனுக்கு அவ்வாறில்லை. பரம்பரைக் குறைபாடு, தாய் கருவுற்றிருக்கும்போது வரும் ரூபெல்லா அம்மை, மூளை உறைக் காய்ச்சல், ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள், இடைவிடாத பேரொலி ஆகியவை இவற்றை அழிப்பன. திருமண ஊர்வலத்து வெடியையும் ஒலிபெருக்கியையும் இப்பட்டியலில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

இச்செல்கள் குறைந்திருந்தால் சாதாரணக் காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கிக் கொடுத்து உதவும். அறவே இல்லாதபோது எத்துணை பெருக்கினும் பயனில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவதுபோல் ஆகும். ஆனால் அவ்வாறு செல்கள் அழிந்த பலரிடத்தும் அப்பால் உள்ள செவி நரம்பு உயிரோடிருக்கின்றது. அந்த நரம்பை மின்சாரத்தால் நேரே தூண்டினால் என்ன என்பதே இக்கருவியின் கருத்து.

கருவி வந்த கதை

மின்கலத்தைக் கண்ட வோல்ட்டா சுமார் 1800ஆம் ஆண்டில் தம் இரு செவிகளிலும் உலோகக் கோல்களைச் செருகி, மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்தார். தலையில் ஓர் அதிர்ச்சியும், தடித்த குழம்பு கொதிப்பது போன்ற ஓசையும் தோன்றின. ஆபத்து என்று கருதி அவர் அதனை மீண்டும் செய்யவில்லை. செய்யாதது நன்று.

பின்னர் 1957 பிப்ரவரியில் பாரிசு நகரில் ஜூர்னோ என்னும் மின்னுடலியல் அறிஞரும் ஏரியெசு என்னும் செவி மருத்துவரும் சேர்ந்து, இரு செவியும் கேளாத ஒருவர்க்குக் கம்பிச்சுருள் ஒன்றைச் செவி நரம்பருகே பதித்தனர். அவர் பேச்சின் தாள நடையை உணர்ந்தார். பழகிய சில எளிய சொற்களை அடையாளம் கண்டார். கருவி சில காலத்தில் பழுதாயிற்று. மறுபடி பதித்ததும் நிலைக்கவில்லை. இம்முயற்சியைக் கேள்வியுற்ற வில்லியம் அவுசு என்னும் மருத்துவர் லாசு ஏஞ்சல்சு நகரில் 1961இல் தம் ஆய்வைத் தொடங்கினார். ஒரே மின்வாய் கொண்ட அவர் கருவி இருபத்துமூன்று ஆண்டுகள் சென்று 1984இல்தான் அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. அந்த இடைக்காலத்தில் அறிஞர் பலர் இதனை ஏளனம் செய்தனர். பல்லாயிரம் மயிர்ச்செல்கள் செய்த வேலையைச் சில கம்பிகள் செய்வதா என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே. 1977இல் கருவி பொருத்திய 13 பேரை அமெரிக்க அரசின் சார்பில் பில்கர் என்பார் குழுவினர் சோதித்தனர். கருவியால் மட்டும் பேச்சு விளங்கவில்லை. ஆனால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கு அது பெரிதும் துணையாகின்றது என்று அவ்வாய்வு கூறிற்று.

பேச்சையே விளங்கச் செய்ய வேண்டுமாயின் சுருளின் பல இடங்களைத் தனித்தனியே தூண்டவேண்டும். ஆசுத்திரியாவின் வியன்னா நகரில் ஒக்மயர் இணையர் 1977 டிசம்பரில் பல மின்வாய்க் கருவியைப் பதிக்கச் செய்தனர். ஆசுத்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிரேம் கிளார்க் 1978 ஆகத்து முதல் நாள் அவ்வகைக் கருவியைப் பதித்தார்.

கிளார்க்கின் தந்தையார் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருந்தவர்; செவி மந்தமானவர். வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய மருந்தைக் கடையில் நிற்போர் அனைவரும் கேட்கக் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. அச்சங்கடத்தைக் கண்டு வளர்ந்த மகன் செவி மருத்துவரானார். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பின்னும் ஆய்விற்குப் பணம் கிடைக்கவில்லை. தொலைக்காட்சி வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. கருவியைக் காட்டிலும் அதனைச் சுருளினுள் செலுத்துவது அவர்க்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. வளைந்து வளைந்து செல்லும் வழியில் கம்பி பாதியிலேயே மடங்கி நின்றுவிடும். 1977இல் கடற்கரையில் குடும்பத்தோடு இருந்தபோது, கிடந்த ஒரு சங்கினுள் புல் இதழ்களைச் செலுத்திப் பார்த்தார். நுனி மெலிந்து நெகிழ்ந்தும் அடி சற்று விறைத்தும் இருந்த புல் சுற்றிச் சுற்றி உள்ளே போயிற்று. மின்வாய்க் கற்றையையும் அவ்வாறே செய்தார். ஈரறிவுயிர் விட்டுச்சென்ற ஓடு ஐந்தாம் பொறிக்கு வழிகாட்டிற்று எனலாம்.

முதற்கருவி பெற்றவர் விபத்து ஒன்றில் செவியை இழந்த நாற்பத்தெட்டு வயதினர். சோதனையின்போது நாட்டுப்பண்ணின் இசையைக் கருவி வழியே செலுத்தினர். அவர் எழுந்து விறைப்பாக நின்றார். அதற்கு மேல் சான்று வேண்டியிருக்கவில்லை. 1985இல் பெரியவர்க்கும் 1990இல் இரண்டு வயது நிரம்பிய குழந்தைகட்கும் இக்கருவி அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2013இல் கிளார்க், இங்கெபோர்க் ஒக்மயர், பிளேக் வில்சன் ஆகிய மூவர்க்கும் லாசுக்கர் விருது வழங்கப்பெற்றது.

இவருள் வில்சன் செய்த பணி நுட்பமானது. காதின் பின்னே மாட்டும் பகுதியில் உள்ள ஒலிவாங்கி பேச்சை வாங்கும். ஒரு சிறு கணினி அதனைச் சுருதி வாரியாகப் பல பட்டைகளாகப் பிரிக்கும். தோலின் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் சுருள், செய்தியைக் கம்பியின்றித் தோலுக்கு உள்ளே பதித்த பகுதிக்கு அனுப்பும். அங்கிருந்து சுருளினுள் கிடக்கும் 12 முதல் 22 வரையிலான மின்வாய்கள் அந்தந்த இடத்து நரம்பைத் தூண்டும். எல்லா மின்வாய்களும் ஒருசேர இயங்கினால் ஒன்றன் மின்சாரம் மற்றொன்றில் கலந்து பேச்சு குழம்பும். ஒவ்வொன்றாக, மிக விரைவாக, முறைவைத்துத் தூண்டும் வழியை வில்சன் குழுவினர் 1991இல் வெளியிட்டனர். உதட்டைப் பாராமலே பேச்சை விளங்கிக்கொள்ளுதல் அதன்பின் பலர்க்கும் எளிதாயிற்று.

கேட்டலும் அறிதலும்

கருவியை இயக்கிய முதல் நாளில், முன்பு செவி கேட்டிருந்த பெரியவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒன்றுதான்: மனிதக்குரல் பொம்மை பேசுவதுபோல் இருக்கின்றது. சில மாதங்களில் அதே குரல் மனைவியின் குரலாகவும் மகனின் குரலாகவும் மாறிவிடுகின்றது. கருவி மாறவில்லை. மூளை அந்தப் புதிய குறிகளைப் பொருளாக அறியக் கற்றுக்கொண்டது. உபகரணம் வந்துவிட்டாலும் உபயோகம் பயிற்சியால்தான் வருகின்றது. இசை மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. தாளம் நன்கு புலப்படும். இராகம் மங்கித் தோன்றும். நெருங்கிய இரு சுரங்களைப் பிரித்துக் காட்ட இருபது மின்வாய்கள் போதா.

பிறவியிலேயே செவி கேளாத குழந்தையின் நிலை வேறு. அதற்கு நினைவில் பழைய ஒலி எதுவும் இல்லை. முதல் சில ஆண்டுகளில் ஒலி வரவில்லையாயின், மூளையில் கேட்டலுக்கென இருந்த பகுதி வேறு பணிகட்குப் போய்விடுகின்றது. மூன்றரை வயதிற்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை ஒலிக்குச் செவி கேட்கும் குழந்தைகளைப் போலவே விடை தருகின்றது என்றும், ஏழு வயதிற்குப்பின் அவ்வாறு அமைதல் அரிது என்றும் அனு சர்மா என்னும் ஆய்வாளரின் குழுவினர் 2002இல் காட்டினர். அதனினும் முந்துதல் நன்று என்பதே இன்றைய மருத்துவர் கருத்து. 2020இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைக்கும் ஒப்புதல் தரப்பட்டது.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு நேரிடையான செய்தி உள்ளது. "இவன் தாத்தாவே நாலு வயதில்தான் வாய் திறந்தார், பிள்ளை தானாகப் பேசும்" என்று பாட்டிமார் கூறுவதுண்டு. அன்பினால் கூறுவதுதான். ஆனால் அந்தச் சொல்லால் போன இரண்டு ஆண்டுகளை எந்தக் கருவியாலும் மீட்க இயலாது. பிறந்த சில நாள்களிலேயே செய்யக்கூடிய செவிச் சோதனைகள் உள. ஓ.ஏ.இ. என்பது காதினுள் சிறு ஒலியைச் செலுத்தி எதிரொலி பார்ப்பது. பெரா என்பது தலையில் சிறு பட்டைகளை ஒட்டி, நரம்பின் விடையைப் பதிவு செய்வது. இரண்டிலும் ஊசியோ வலியோ இல்லை. குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும்.

மற்றொன்றையும் கூச்சமின்றிக் கூறவேண்டும். பரம்பரைச் செவிட்டுத்தன்மையில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமும் மறைந்துகிடக்கும் ஒரே மரபணுக் குறையால் வருவது. இருவர்க்கும் செவி நன்கு கேட்கும். ஆயினும் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குக் குறை வருவதற்கு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என உறவிலே மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே குறை இருத்தற்கு இடம் மிகுதி. பெண் எடுப்பதும் கொடுப்பதும் சில ஊர்களுக்குள்ளேயே நடக்கும் சிறிய சமூகங்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். சாதகப் பொருத்தம் பார்க்கும் நேரத்தில் ஒரு பகுதியை மரபணு மருத்துவரிடம் செலவிடலாம் என்பது எம் எண்ணம்.

செலவு பெரிது. மாற்றுத்திறனாளிகளுக்கான நடுவணரசின் 'அடிப்' திட்டம் 2014இல் திருத்தப்பட்டபோது, ஆண்டிற்கு 500 குழந்தைகட்குக் கருவி ஒன்றுக்கு 6 இலட்சம் ரூபாய் வரை உதவ வகைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சிறு குழந்தைகட்கு இவ்வறுவையைச் செய்வித்து வருகின்றது. அறுவை முடிந்தவுடன் எல்லாம் முடிந்தது என எண்ணிவிடுதல் கூடாது. ஓராண்டிற்குக் குறையாமல் செவிவழிப் பேச்சுப் பயிற்சி வேண்டும். பயிற்சி நிலையத்தில் நடப்பது சிறுபகுதி. மீதி முழுவதும் வீட்டில் தாய் பேசிக்கொண்டே இருப்பதில் உள்ளது. மின்கலம், கம்பி, வெளிக்கருவியின் பழுது ஆகியவற்றின் செலவு ஆயுள் முழுதும் தொடரும். மூளை உறைக் காய்ச்சல் வாராதிருக்கத் தடுப்பூசி கட்டாயம் போடவேண்டும். காந்த அலைப் படம் எடுக்க நேரின் கருவி உள்ளமையை முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும்.

இருவேறு மறுப்புகள்

இக்கருவியை எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. அமெரிக்கத் தேசியச் செவிகேளாதோர் சங்கம் 1991இல் குழந்தைகட்குக் கருவி பொருத்துவதை வன்மையாகக் கண்டித்தது. கேளாமை நோயன்று, சைகை மொழியும் தனிப் பண்பாடும் உடைய ஒரு மக்கட்குழு நாங்கள், எங்கள் பிள்ளைகளைத் திருத்த நீங்கள் யார் என்பது அவர்கள் நிலை. சைகை வெறும் கைவீச்சு அன்று. இலக்கணம் உடைய முழுமொழி என்பதை வில்லியம் சிடோக்கி 1960இலேயே நிறுவியிருந்தார். அச்சங்கம் 2000இல் தன் நிலையைத் தளர்த்தி, பெற்றோர் தேர்வை மதிப்பதாகக் கூறிற்று. எம் கருத்து யாதெனின், கருவியும் கிடைக்காமல் சைகை மொழியும் கற்பிக்கப்படாமல் ஐந்தாறு வயது வரை எம்மொழியும் இன்றி வளரும் குழந்தைக்கே பேரிழப்பு. நம் நாட்டில் அத்தகைய குழந்தைகள் மிகப் பலர். இந்தியச் சைகை மொழிக்கென ஆய்வு பயிற்சி மையம் ஒன்று 2015இல் புதுதில்லியில் நிறுவப்பட்டுள்ளது.

இரண்டாம் மறுப்பு நம்மவர் எழுப்பக்கூடியது. கிளார்க் 1960களில் சிட்னியில் செய்த தொடக்க ஆய்வுகள் பூனைகளின்மீது செய்யப்பட்டவை. ஐம்பொறி உயிர்க்குத் துன்பம் செய்து பெற்ற அறிவை, கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டோர் பயன்படுத்தலாமா? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. இன்று நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலனவும் அவ்வழி வந்தவையே என்று கூறுதல் விடையாகாது. அது குற்றத்தின் பரப்பைக் காட்டுவதேயாகும். இல்லறத்தார்க்கு விதித்த அணுவிரதம் வேண்டுமென்றே செய்யும் கொலையை விலக்குகின்றது. பேச இயலாத தம் பிள்ளைக்கு முன்னரே செய்யப்பட்ட கருவியைப் பெற்றுத் தரும் தாய் தந்தையர்பால் அக்கருத்து இல்லை. ஆனால் இனி நடக்கும் ஆய்வுகளில் விலங்குகட்கு மாற்று வழிகளைக் காணுமாறு வற்புறுத்தும் கடமை நமக்கு மற்றவர்களைக் காட்டிலும் மிகுதி.

கண்ணின் கதை

செவியில் கண்ட வெற்றி கண்ணிலும் வரும் என எதிர்பார்த்தனர். கண் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள். கண் நரம்பில் பத்து இலட்சத்திற்கும் மேல். ஆர்கசு-2 என்னும் விழித்திரைக் கருவி 60 மின்வாய்கள் உடையது. 2011இல் ஐரோப்பாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதனைப் பொருத்திக்கொண்டவர்கள் வாயிற்படியின் விளிம்பையும் எதிரே வருபவரின் நிழலுருவையும் ஒளிப்புள்ளிகளாகக் கண்டனர். 2019இல் அந்நிறுவனம் இலாபம் இன்மையால் அக்கருவியைக் கைவிட்டது. உலகெங்கும் முந்நூற்றைம்பது பேர் அளவில் அதனைக் கண்ணில் தாங்கியிருந்தனர். பழுது பார்ப்பாரும் மாற்று உறுப்பு தருவாரும் இன்றி அவர்களுள் சிலர் மீண்டும் இருளில் ஆழ்ந்தனர். உடலினுள் செல்லும் பொருளை ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கேட்டோடு கட்டிவிடுவதில் உள்ள இடர் இது. கருவியின் திறனைக் கேட்பதற்கு முன், இருபது ஆண்டு கழித்து இதனைப் பழுது பார்ப்பவர் யார் என்று கேட்பது அறிவுடைமை.

இத்துறை ஓய்ந்துவிடவில்லை. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து பார்வை இழந்தோர்க்காகப் பிரைமா எனப்படும் இரண்டு மில்லிமீட்டர்ச் சதுரச் சில்லு ஒன்று ஐரோப்பிய நாடுகளில் சோதிக்கப்பட்டது. 2025இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டு நிறைவு செய்த 32 பேருள் 26 பேர் குறிப்பிடத்தக்க பார்வை முன்னேற்றம் அடைந்தனர். சிறப்புக் கண்ணாடியின் துணையோடு எழுத்துகளைப் படித்தனர்.

உடலைக் கீறாத வழியும் ஒன்று உண்டு. 1969இல் பால் பாக்-இ-ரீட்டா என்பவர் நாற்காலியின் முதுகுப் பகுதியில் 400 அதிர்முனைகளைப் பதித்து, ஒளிப்படக் கருவி காணும் காட்சியை அவ்வதிர்வுகளாக மாற்றினார். பார்வையற்றோர் அதில் சாய்ந்து பழகப் பழக, எதிரே உள்ள பொருளைத் தம் முதுகினால் அறிந்தனர். சில நாள்களுக்குப்பின் அவர்கட்கு முதுகில் குறுகுறுப்புத் தோன்றவில்லை. பொருள் எதிரே இருப்பதாகவே தோன்றிற்று. முதற்பொறியாகிய மெய் நான்காம் பொறியாகிய கண்ணின் வேலையைச் செய்தது. நாவின்மேல் வைக்கும் அத்தகைய கருவி ஒன்றுக்கு 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

மிகைப்பொறி

இதுகாறும் கூறியவை இழந்ததை ஈடுசெய்வன. இயற்கை தாராததைத் தருவனவும் தலைகாட்டுகின்றன. நிறம் காணாது பிறந்த நீல் ஆர்பிசன் என்னும் ஓவியர் 2004இல் தம் மண்டையோட்டில் அலைவாங்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டார். அது நிறத்தை ஒலி அதிர்வாக மாற்றி எலும்பின் வழியே உணர்த்தும். பின்னர் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு, புறஊதாக் கதிர்களையும் அதிற் சேர்த்துக்கொண்டார். நம் செவி 20 முதல் 20,000 அதிர்வு வரை கேட்பது. உட்செவிக் கருவி அணிந்தவர்க்கோ அவ்வரம்பு ஒலிவாங்கியைப் பொறுத்தது. வௌவாலின் குரலையும் தாழ்த்திக் கொடுக்குமாறு கருவியை அமைத்தல் கொள்கையளவில் இயலும்.

இவற்றைக் கண்டு, இதுவே அவதிஞானத்திற்கு அறிவியல் வழி என்று எழுதுவாரும் உளர். இரண்டும் வேறு. பொறியாலும் மனத்தாலும் வரும் மதிஞானத்தை உமாசுவாமி ஆசாரியர் பரோட்சம் என்றார். உயிர் பொறியின் துணையின்றித் தானே அறிவதே அவதி முதலியன. பொறியின் எல்லையை எவ்வளவு அகட்டினாலும் அது பொறியறிவாகவே இருக்கும். மேலும் முனிவர்க்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் ஐந்து, ஐம்பொறிகளை அடக்குதலே. இருக்கின்ற ஐந்தையே காப்பது கடினம் என்று கண்ட மரபு, ஆறாவது ஏழாவது பொறிகளுக்கு அவாவி நிற்பாரைப் பார்த்து என்ன கூறும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்ளலாம். பிள்ளை தாயின் குரலைக் கேட்க வேண்டும் என்பதும், அகச்சிவப்புக் கதிரைக் காண வேண்டும் என்பதும் எமக்கு ஒரு தட்டில் வைக்கத் தக்கனவாகத் தோன்றவில்லை.

கருவியே வேண்டாத வழி ஒன்றும் அண்மையில் திறந்துள்ளது. ஓட்டோபெர்லின் என்னும் புரதத்திற்குரிய மரபணு பழுதானால் மயிர்ச்செல்கள் உயிரோடிருந்தும் நரம்பிற்குச் செய்தி தரமாட்டா. சாங்காய் நகரத்துப் பூடான் பல்கலைக்கழகக் கண் செவி மருத்துவமனையில், நல்ல மரபணுவைத் தீங்கற்ற நுண்மி ஒன்றில் ஏற்றி ஆறு குழந்தைகளின் உட்செவியில் செலுத்தினர். அவர்களுள் ஐவர்க்குச் செவி கேட்டது. முடிவுகள் 2024 சனவரியில் வெளிவந்தன. பரம்பரைச் செவிட்டுத்தன்மையில் மிகச் சிறு பகுதியே இம்மரபணுவால் வருவது. இக்குறையுடைய குழந்தைகளிடம் ஒரு விந்தை உண்டு: மயிர்ச்செல்கள் நன்றாக இருத்தலின் ஓ.ஏ.இ. சோதனையில் பழுதில்லை என்றே முடிவு வரும். பெரா சோதனையில்தான் குறை வெளிப்படும். முதற்சோதனையில் தேறிய குழந்தையும் ஒலிக்குத் திரும்பிப் பாராமல் இருப்பின், இரண்டாவதையும் செய்யுமாறு மருத்துவரைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.